கண்ணை மூடச் சொன்னது யார்?

உங்களில் பலர் அடுத்த வாரமே ஊர் ஊராகப் போய், சபைகளில் பிள்ளைகளுக்கான வேலையைத் தொடங்கிவைக்கப் போகிறீர்கள். படம் காட்டுவது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையெல்லாம் இங்கே மற்றவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு சபைக்குள் நுழைந்ததும் வந்திருக்கிற பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். பெரியவர்கள் இத்தனை பேர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள் வேலையை இந்த நேரத்தில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எனக்குப் பரவைக்கு மேற்கே ஒரு கண்மாயில் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை.

அது யுத்தக் காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. மதுரையிலிருந்து பரவை வரைக்கும் அந்தக் கரி பஸ்ஸில் போய் இறங்கினால், முகம் கழுவுகிற வரைக்கும் பெற்ற தாய்க்கும் நம்மை அடையாளம் தெரியாது. அங்கிருந்து நடை. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு படச்சுருளும் ஒரு குடையும். "படம் கிழிஞ்சாலும் போகட்டும், குடையப் பத்திரமா வச்சுக்க. வெயில்ல நின்னா உனக்குக் கோபம் ஜாஸ்தியாகும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். என்னை நன்றாகத் தெரிந்தவர்.

நான் போன ஊரில் கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தெரு முழுக்க வேதக்காரர்கள். கிறிஸ்தவர்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்குள் இருந்த சம்சாரிகளின், அதாவது நிலம் வைத்திருந்த விவசாயிகளின், வயலில் வேலைசெய்து பிழைப்பவர்கள். அவர்களுடைய கோயில் சின்னது, கூரை வேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகளைத் தவிர ஒரு பிள்ளையைக் காணோம்.

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் வேதமுத்து என்னிடம் வந்தார். அறுபது வயதைத் தொட்டவர், நிமிர்ந்த ஆள், தெருவே அவர் சொல்லுக்கு எழுந்து நிற்கும். "பாத்தீங்களாம்மா, எங்க சபையில பிள்ளைக சத்தமே கேக்காது. அம்புட்டு ஒழுங்கு" என்றார்.

"பிள்ளைகளே இல்லையே மூப்பரையா, சத்தம் எங்கிருந்து வரும்? எங்க போயிருக்குதுக?"

"கண்மாய்க்குள்ள. சம்சாரிமாரு மாட்ட மேய்க்குதுக. மத்த நாள்ல நாங்களும் மாத்தி மாத்திப் பாத்துக்கிருவோம். ஞாயித்துக்கெழம அதுக பாத்துக்கிட்டாத்தானே நாங்க கோயிலுக்கு வர முடியும்?"

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பாடசாலை அங்கே நடப்பதில்லை என்று கேள்விப்பட்டு, இவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லையென்று நினைத்து, ஒரு பிரசங்கமே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அந்தக் கோயில் நிறைந்திருந்ததே பிள்ளைகள் வெளியே இருந்ததால்தான். அவர்களை உள்ளே கூப்பிட்டால் பெரியவர்களில் பாதிப் பேர் வெளியே போகவேண்டும். என் பிரசங்கத்தை மடித்துக் குடைக்குள் வைத்துக்கொண்டேன்.

நேரே ஊருக்குள் போய் வெள்ளைச்சாமி என்ற சம்சாரியைப் பார்த்தேன். அந்தக் கண்மாயில் மேய்ந்த மாடுகளில் பாதிக்கு மேல் அவருடையவை. பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் மட்டும் விடுப்புக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வைக்கோலை உதறிக்கொண்டே, "மாட்டுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா டீச்சரம்மா? அதுக்கு எல்லா நாளும் பசிக்கும்" என்றார். பதில் வராத இடத்தில் திரும்பி வந்துவிடுகிற வழக்கம் எனக்கில்லை. பிள்ளைகள் கோயிலுக்கு வரமுடியாது என்றால் ஓய்வுநாள் பாடசாலை கண்மாய்க்குப் போகட்டும் என்று முடிவுசெய்தேன்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து நானே போனேன். மழைக்கு முந்தின காலம். கண்மாயில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் புல். ஒரு கருவேல மரத்துக் கிளையில் படச்சுருளைத் தொங்கவிட்டேன். முதல் நாளே ஒரு மாடு வந்து நோவாவின் பேழையை நக்கிவிட்டுப் போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேழைக்குள் போக இடம் கேட்கிறது என்றாள் ஒருத்தி.

அவள் பெயர் ஞானப்பூ. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். வெள்ளைச்சாமி வீட்டு மாடுகள் அவள் பொறுப்பு. தகப்பன் இல்லை, தாய்க்கு மார்ச்சளி, நாற்று நடக்கூடக் குனிய முடியாது. மாடு மேய்க்கிற கூலியாக அவள் கொண்டுபோகிற கம்பில்தான் அந்த வீட்டில் கூழ் கொதித்தது. அவள் மாமன் மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர். "இங்க மாடு மேய்ச்சு என்ன ஆகப்போகுது? மலைக்கு அனுப்பிவிடு" என்று தாயை நச்சரித்துக்கொண்டே இருந்தார். மலைக்குப் போன பிள்ளைகள் எந்தக் கதியில் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் திரும்பவேயில்லை என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால் மாட்டின் மேல் வைத்த கண்ணை அவள் எடுக்கமாட்டாள். பாடம் நடத்துகிற என்னைப் பார்க்கிற நேரத்தைவிட என் தோளுக்குப் பின்னால் பார்க்கிற நேரம்தான் அதிகம்.

கரைக்கு அந்தப் புறம், கிணற்றடியில் வெள்ளைச்சாமியின் நாற்றங்கால். பச்சைப் பசேலென்று நிற்கிற நாற்றை எந்த மாடு சும்மா விடும்? அதனால் பிள்ளைகளே ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பேர் முறை வைத்துக் கரைமேல் நிற்பது, மற்றவர்கள் கீழே பாடம் கேட்பது. கரைமேல் நிற்கிறவர்களுக்கும் பாட்டு வேண்டுமே. கீழே இருப்பவர்கள் முதல் அடியைப் பாடினால் மேலே இருப்பவர்கள் அடுத்த அடியைத் திருப்பிப் பாடவேண்டும். பதில் வராவிட்டால் மேலே தூங்குகிறார்கள், அல்லது மாட்டை விரட்ட ஓடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் முதல் அடியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்: "ஆட்டைத் தேடி வந்தவரே." பதில் அடி ஞானப்பூ கரைமேலிருந்து போட்டது: "எங்க மாட்டையும் பாத்துக்கிரும்."

இது காற்றில் தெருவுக்குப் போய்விட்டது. வேதமுத்து மூப்பர் அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆண்டவருக்கு மாடு மேய்க்கிற வேலையா குடுக்கிறீங்க?" என்றார். நான் சொன்னேன், "நேரில வந்து பாருங்க மூப்பரையா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க, நிறுத்திருறேன்." வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறே ஆராதனையை, சபையில் வேதம் போதிக்கிற உபதேசியாரிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். பிள்ளைகள் வசனம் சொன்னார்கள், கதை சொன்னார்கள். தன் தெருவில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது போலிருந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஜெபம் பண்றேம்மா" என்றார். அப்படியே கரையைப் பார்த்து, "அங்க யாரு நிக்கிறது? ஜெபத்துக்கு யாரும் விலக்கில்ல. எல்லாரும் கீழ வாங்க" என்று கூப்பிட்டார். காவல் நின்ற இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். மூப்பர் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? "கண்ண இறுக்க மூடுங்க. தொறந்தவுகளுக்குக் குட்டு விழும்" என்றார்.

வேதமுத்து மூப்பரின் ஜெபத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். ஆதாமில் தொடங்குவார். ஆபிரகாமுக்கு வருவதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்துவிடும். அன்றைக்கு மனம் வேறு நிறைந்திருந்ததா, தீர்க்கதரிசிகளில் ஒருவரையும் விடவில்லை. யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள், மழை, கண்மாய், சம்சாரிமார், அவர்கள் மாடு கன்றுகள் என்று உருகி உருகி ஜெபித்தார். நடுவில் பிள்ளைகள் பக்கம் ஏதோ சலசலப்பு. "மூடு கண்ண" என்று அதட்டல் கேட்டது. பிறகு ஜெபம் தொடர்ந்தது. மாடு கன்றுகளை அவர் ஆண்டவரின் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவை கரையைத் தாண்டி இறங்கி நாற்றங்காலில் நின்றன.

ஆமென் சொல்லிக் கண் திறந்தால் கண்மாயில் ஒரு மாடுகூட இல்லை. எல்லோரும் ஓடினோம். விரட்டி முடிப்பதற்குள் நாற்றில் முக்கால்வாசி போய்விட்டது. மேய்ந்தது கொஞ்சம், மிதிபட்டது மிச்சம். வெள்ளைச்சாமி வந்து வரப்பில் நின்று பார்த்தார். முன்னால் நின்றது அவர் வீட்டு மாடுகள்தான். "ஏ பிள்ள, ஆத்தாளக் கூட்டிக்கிட்டு சாயங்காலம் தொழுவுக்கு வா" என்று ஞானப்பூவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சத்தம் போடாததுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. மத்தியானமே மாமன்காரர் அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் ஞானப்பூவைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். "உன் கண்ணு மாட்டை விட்டு அகலாதே. எப்படி விட்ட?"

அவள் அழவில்லை. "கண்ணத் தொறந்து பாத்தேன் டீச்சர். செவலை மாடு கரையேறிருச்சு. எந்திரிச்சேன். மூப்பர் தாத்தா கையப் பிடிச்சு உக்கார வச்சு, மூடு கண்ணன்னு சொன்னாக. மூடிக்கிட்டேன்." கொஞ்சம் கழித்து, "நான் தாத்தா பேரச் சொல்ல மாட்டேன். அம்மா திட்டும்" என்றாள்.

இப்போது சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சம்சாரியிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தால் பிள்ளை தப்பும். ஆனால் ஊரார் முன்னால் மூப்பரைக் காட்டிக்கொடுத்த என்னை அந்தத் தெரு அதற்குப்பின் உள்ளே விடாது. பாடசாலையும் அதோடு போகும். சும்மா இருந்தால் பாடசாலையை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளலாம். பிள்ளை மலைக்குப் போய்விடும். ஒரு பிள்ளையை மலைக்கு அனுப்பிவிட்டு மிச்சப் பிள்ளைகளுக்கு நல்ல மேய்ப்பன் கதை சொல்வதா? எனக்கு வந்த கோபத்துக்குக் குடை போதவில்லை. மூப்பர் வீட்டுக்குப் போனேன்.

அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நடந்தது எனக்குத் தெரியும்மா" என்றார். "ஆனா நான் அவுக வாசல்ல போயி, ஜெபம் பண்ணினதால உங்க நாத்து போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? வேதத்தையே கேலி பண்ணிருவாக. நான் ஒருத்தன் தலகுனிஞ்சா பரவாயில்ல, சபையே தலகுனியும்."

அவர் கோழை இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். அதனால் நான் சத்தம் போடாமல் சொன்னேன்: "மூப்பரையா, சாயங்காலம் நானும் தொழுவுக்குப் போறேன். யாரும் சொல்லலேன்னா நான் சொல்லிருவேன். இந்தப் பிள்ளைய நான் விடப்போறதில்ல. ஆனா நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா அதுதான் சாட்சி. வாரத்துக்கு ஒருதரம் கோயில்ல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்றீங்களே, அதே சாட்சி."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போய்த் தொலை என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளைச்சாமியின் மாட்டுத்தொழு முன்னால் கூடினோம். ஞானப்பூவும் தாயும் ஒரு ஓரத்தில். மாமன்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூப்பரைக் காணோம். வெள்ளைச்சாமி கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையைக் கேட்டார்.

"மாடு நாத்துக்குள்ள எறங்கையில உன் கண்ணு எங்க போச்சு?"

"மூடியிருந்தேன் ஐயா."

"பட்டப்பகல்ல எதுக்கு மூடுன?"

"சாமி கும்பிட."

"யாரு மூடச் சொன்னது?"

அவள் தரையைப் பார்த்தாள். தாய் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச்சாமி இன்னொரு தடவை கேட்டார். "பதில் சொல்லாத பிள்ளைய நம்பி நான் எப்படி மாட்ட விடுறது?" என்று தாயைப் பார்த்துச் சொன்னார். மாமன்காரர் வேலியை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நான்தான் மூடச் சொன்னேன்."

பின்னாலிருந்து வந்தது குரல். வேதமுத்து மூப்பர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்து, பிள்ளைக்கு முன்னால் நின்றார். "காவலுக்கு நின்னவுகளையும் நான்தான் கீழ கூப்பிட்டேன். இந்தப் பிள்ள மாட்டப் பாத்து எந்திரிச்சுச்சு. கையப் பிடிச்சு உக்கார வச்சது நானு. தப்பு ஜெபத்துல இல்லைய்யா. என் மேல. பிள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டாதீக."

வெள்ளைச்சாமி கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு கேட்டார், "ஏய்யா, சாமி கும்பிடக் கண்ண எதுக்கு மூடணும்? நாங்க சாமியப் பாக்கத்தானே கோயிலுக்குப் போறோம்."

மூப்பர் அதற்குப் பதில் தேடினார். அத்தனை தீர்க்கதரிசிகளையும் மனப்பாடமாகச் சொல்கிற மனிதர், ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ள இருக்கட்டும்" என்றார் வெள்ளைச்சாமி. "நாத்துக்குப் பக்கத்து ஊர்ல மிச்சம் கேட்டுப் பாக்கணும். உங்க தெரு ஆளுக வந்து நட்டுக் குடுங்க. அறுப்பு முடியிற வரைக்கும் ஞாயித்துக்கெழம மாடு உங்க பொறுப்பு. பிள்ளைக இல்ல, நீங்க. கண்ணத் தொறந்துக்கிட்டு மேய்க்கணும்."

தண்டனையாகத்தான் சொன்னார். நான் ஒரு மணி நேரம் கேட்டுக் கிடைக்காதது அந்தத் தண்டனையில் முழு ஞாயிறாகக் கிடைத்தது. மாமன்காரர் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். தெருப் பெண்கள் அந்த வாரமே பக்கத்து ஊர்களில் மிச்ச நாற்றுக் கேட்டு வாங்கி வந்து நட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் பிள்ளைகள். அதுவரைக்கும் உள்ளே வந்து பழக்கமில்லாததால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழித்தார்கள். மூப்பர் உட்காருகிற இடம் முன்னால் காலியாக இருந்தது. சின்னப் பிள்ளைகளை அங்கேயே உட்கார வைத்தேன். உபதேசியார் ஜெபிப்போமாக என்றதும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஞானப்பூ மட்டும் மூடவில்லை. வாசல் வழியாகக் கரையைப் பார்த்துக்கொண்டே கைகூப்பி நின்றாள். நான் அவளைத் திருத்தவில்லை.

பிறகு பிள்ளைகளைப் பாடச் சொன்னேன். "ஆட்டைத் தேடி வந்தவரே" என்று எடுத்தார்கள். பழக்கத்தில் அதோடு நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கரைமேலிருந்து, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், ஒரு கட்டைக்குரல் வந்தது: "எங்க மாட்டையும் பாத்துக்கிரும்." பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள்.

அன்றிலிருந்து பாடசாலை நடந்தது. ஆனால் எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டேயிருந்தது. இது அறுப்பு வரைக்கும்தான். அதற்குப்பின் மூப்பர் தன் இடத்துக்கு வந்துவிடுவார், பிள்ளைகள் கண்மாய்க்குப் போய்விடுவார்கள். மற்ற ஆண்களிடம் முறை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். யோசிப்போம் என்றார்கள். சபையில் யோசிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள்.

அறுப்பு முடிந்த மறு ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். பழையபடி கருவேல மரத்தில் படத்தைத் தொங்கவிடுவது என்றுதான் முடிவு. விட்டுவிடுவதில்லை. தெருவுக்குள் நுழையாமல் நேரே கண்மாய்க்கு நடந்தேன். கரை ஏறிப் பார்த்தால் அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை. மூப்பர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, போன வாரம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்த ஆண்களில் இரண்டு பேர், செவலையை மடக்கத் தெரியாமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அறுப்புத்தான் முடிஞ்சிருச்சே மூப்பரையா" என்றேன்.

அவர் மாட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மாட்டுக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாம்மா? பிள்ளைகளுக்குத் தெரியட்டும். நீங்க கோயிலுக்குப் போங்க, அதுக காத்துக்கிட்டு இருக்கும்."